லூசுன் கண்ட சீனமும் நாம் காணும் சீனமும்

தலைநகரில் வாழும் தமிழன்பர்கள் சிலர் திங்கள்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஓர் இல்லத்தில் கூடி, கதையோ கவிதையோ ஏதேனும் ஒன்றைப் படித்து அளவளாவி, காப்பி அருந்திக் கலைவது வழக்கம். அத்தகைய கூட்டம் ஒன்றில் சீன எழுத்தாளர் லூசுனின் ‘ஆ க்யூவின் உண்மைக் கதை’ படிக்கப்பெற்றது. அக்கதையைத் தெரிவு செய்தவர் நாமே. படித்து முடித்ததும், தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த அன்பர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு, “பார்த்தீர்களா! சீனாக்காரன் எப்படிப்பட்டவன் என்பதை அவர்கள் எழுத்தாளரே எழுதிக் கொடுத்துவிட்டார். வலியவனிடம் அடி வாங்குவான். வீட்டுக்குப் போய் நான்தான் வென்றேன் என்பான். இளைத்தவனைக் கண்டால் கை ஓங்குவான். 1962இலும் இதைத்தான் கண்டோம், 2020இலும் இதைத்தான் கண்டோம். நாம் புதிதாகச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?” என்றார். கூடியிருந்தோர் தலையசைத்தனர். நாமும் அப்போது வாளாவிருந்தோம். பெரியவர் சொல்லை மறுப்பது முறையன்று என்று கருதியதால் மட்டுமன்று. எங்கே பிழை என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அன்று சொல்லத் தவறியதை இம்மலரின் பக்கங்களில் சொல்ல முயல்கிறோம்.

சீனத்தைப் பற்றிக் கருத்தில்லாத வீடு நம்மவரிடையே இல்லை. பெருமை பேசும் கருத்து ஒன்று உண்டு. அது பெரும்பாலும் இத்தகைய சிறப்பு மலர்களில்தான் குடியிருக்கிறது. யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார், சோழர் தூதுவர் 1015இல் சீன அரசவைக்குச் சென்றனர், சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டில் சீனம், பாரசீகம் இவற்றோடு தமிழும் உண்டு என்று தொடங்கி, ஆகவே சீனரும் நாமும் பழைய உறவினர் என்று முடியும். செய்திகள் அனைத்தும் மெய்யே. ஆனால் அக்கட்டுரைகளில் சீனர் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நம் பெருமைக்குச் சான்று சொல்ல வந்து, கையொப்பமிட்டுப் போய்விடுகின்றனர். இன்னொரு கருத்து அச்சமும் சினமும் கலந்தது. 1962 அக்டோபரில் தொடங்கி நவம்பரில் முடிந்த போரின் நினைவு அதன் அடியில் உண்டு. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர் இருபதின்மர் உயிர் துறந்தனர். அவருள் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்துத் தமிழர். அந்தத் துயரம் உண்மையானது. அதனைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. எல்லையைப் பற்றி ஓர் அரசின் மீது சினங்கொள்வது ஒன்று, நூற்று நாற்பது கோடி மக்களுக்கு ஒரே குணத்தை எழுதி வைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் எவ்விடத்தில் ஒட்டிக்கொள்கின்றன என்பதே நாம் காண வேண்டியது.

மக்களினம் ஒன்றன் குணத்தைப் பட்டியலிடும் வழக்கம் பழையது. சீனத்தைப் பொறுத்தமட்டில் அப்பட்டியல்களுள் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்கச் சமயப் பணியாளரான ஆர்தர் ஸ்மித் எழுதிய ‘சீனரின் குணவியல்புகள்’ என்னும் நூல். ஷாங்காயில் ஆங்கில நாளிதழில் கட்டுரைகளாக வெளிவந்து, 1890இல் நூலாகி, 1894இல் நியூயார்க்கிலும் வெளிவந்தது. ஸ்மித் அறியாது எழுதியவர் அல்லர். இருபதாண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் வாழ்ந்தவர். முதல் கட்டுரை ‘முகம்’ என்பதைப் பற்றியது. நாம் ‘முகத்தில் எப்படி விழிப்பது’ என்கிறோமே, அந்த முகம். அதனைத் தொடர்ந்து காலத்தைப் பொருட்படுத்தாமை, துல்லியத்தைப் பொருட்படுத்தாமை, பொதுநல உணர்வின்மை, பரிவின்மை என்று இயல்புக்கு ஒரு கட்டுரையாக நூல் நடக்கிறது. அரசு அலுவலகத்தில் ஊழியர் ஒருவருக்கு எழுதப்பட்டுவந்த ஆண்டு இரகசிய அறிக்கையை நம்மவர் பலர் அறிவர். ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் அப்படி ஓர் அறிக்கை எழுதினால் எப்படியிருக்கும், அப்படியிருக்கிறது அந்நூல். நகைச்சுவை உண்டு, கூர்மையும் உண்டு. அறிக்கைக்கு உட்பட்டவர் மறுமொழி கூறத்தான் இடமில்லை.

இந்நூல் 1896இல் ஜப்பானிய மொழிக்குச் சென்றது. 1902இல் ஜப்பானுக்குப் படிக்கச் சென்ற சௌ ஷூரென் என்னும் சீன இளைஞர் அதனை அறிந்தார். பின்னாளில் லூசுன் என்று உலகம் அறிந்தவர் அவரே. செஜியாங் மாநிலத்துச் சாவோசிங் நகரில் 1881இல் பிறந்தவர். பாட்டனார் தேர்வு ஊழல் வழக்கில் சிறைப்பட, தந்தை நோயில் கிடக்க, அடகுக்கடைக்கும் மருந்துக் கடைக்கும் மாறி மாறி நடந்த சிறுவன். சென்டாய் நகர மருத்துவப் பள்ளியில் படித்தபோது வகுப்பில் நிழற்படம் ஒன்று காட்டப்பட்டதாம். ஒற்றன் என்று குற்றஞ்சாட்டப்பட்ட சீனன் ஒருவனின் தலை வெட்டப்பட இருக்கிறது. சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போரும் சீனரே. உடலுக்கு மருத்துவம் செய்து பயனில்லை என்று கருதி அப்படிப்பை விட்டதாக, 1922இல் தம் முதற் கதைத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் அவர் சொல்கிறார்.

1936 அக்டோபரில் லூசுன் மறைந்தார். மறைவதற்குச் சில வாரங்கட்கு முன் எழுதிய குறிப்பொன்றில், ஸ்மித்தின் நூலை யாரேனும் சீனத்தில் மொழிபெயர்க்க வேண்டும் என்று தாம் இன்னும் விரும்புவதாக அவர் எழுதினார். சீனர் அதனைப் படித்து, தம்மைத் தாமே நோக்கி, எவ்விடத்தில் அவன் சொன்னது சரி என்று ஆராய வேண்டும் என்பது அவர் கருத்து. இதைப் படித்தபோது நமக்கு வேறொரு நூல் நினைவுக்கு வந்தது. காதரின் மேயோ 1927இல் எழுதிய ‘இந்தியத் தாய்’. அதனைச் சாக்கடைக் கண்காணிப்பாளரின் அறிக்கை என்று காந்தியடிகள் கண்டித்ததை நாம் எல்லோரும் மேடைகளில் எடுத்துக்காட்டுவோம். அக்கட்டுரையிலேயே அவர் இன்னொன்றும் சொன்னார்: அமெரிக்கர் முன்னும் ஆங்கிலேயர் முன்னும் வைக்கத் தகாத நூல் இது, ஆனால் இந்தியர் ஒவ்வொருவரும் படித்து ஓரளவு பயன் பெறலாம். இந்தப் பகுதியை மேடைகளில் நாம் விட்டுவிடுகிறோம்.

ஒரே நூல் அயலாருக்கு ஆகாது, உள்ளவருக்கு ஆகும் என்பது எப்படி? உண்மை ஆளுக்கு ஆள் மாறுமா என்று கேட்கலாம். மாறுவது உண்மையன்று, அதனைக் கொண்டு செய்யும் செயலே மாறுகிறது. தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்பவன் அடுத்து ஏணியைத் தேடுவான். அடுத்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்பவன் அதனோடு முடித்துக்கொள்வான். சிலபோது அகமகிழவும் செய்வான். நம் மூத்த அன்பர் லூசுனின் சொல்லை எடுத்து ஸ்மித்தின் இடத்தில் நின்று பேசினார். சொல் லூசுனுடையது என்பதால் பிழை கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அயலார் எழுதிய குணப்பட்டியலைத்தானே லூசுனும் வாங்கிக்கொண்டார், ‘சீன மக்களின் தேசிய குணம்’ என்ற எண்ணமே மேலை நாட்டுச் சமயப் பணியாளர் தந்ததன்றோ என்று 2000ஆம் ஆண்டில் எழுத்தாளர் பெங் ஜித்சாய் சீன இதழொன்றில் எழுதினார், பெருஞ்சர்ச்சை எழுந்தது. கேள்வி நேர்மையானது. அதற்கு விடையைக் கதையில்தான் தேட வேண்டும். ஆகவே கதைக்குள் செல்வோம்.

‘ஆ க்யூவின் உண்மைக் கதை’ பீகிங் நாளிதழ் ஒன்றன் இணைப்பில் 1921 டிசம்பர் முதல் 1922 பிப்ரவரி வரை புனைபெயரில் தொடராக வந்தது. ஒன்பது இயல்கள். முதலில் நகைச்சுவைப் பகுதியில் தொடங்கி, உடனே இலக்கியப் பகுதிக்கு மாற்றப்பட்டது. முதல் இயல் அந்த நகைச்சுவைப் பகுதிக்கென்றே எழுதியது போலிருக்கிறது. வாழ்க்கை வரலாற்றுக்கு என்ன பெயரிடுவது என்று பக்கம் பக்கமாகச் செய்யும் கேலி சீனப் பழைய இலக்கியம் அறிந்தவர்க்குச் சுவைக்கலாம். மொழிபெயர்ப்பில் நம்மைச் சோர்வடையச் செய்கிறது. முதன்முறை படிப்பவர் அவ்வியலைப் பொறுமையுடன் கடந்துவிட வேண்டுகிறோம். அதில் மறவாமல் கொள்ள வேண்டியது ஒன்றே: கதைத்தலைவனின் குலப்பெயர் எவருக்கும் தெரியவில்லை. ஒருமுறை தானும் சாவ் குலத்தவன் என்று அவன் வாய்விட்டுச் சொல்ல, சாவ் பெரியதனக்காரர் கன்னத்தில் அறைந்து, சாவ் என்று சொல்லிக்கொள்ள உனக்குத் தகுதியுண்டா என்று கேட்கிறார். பெயரை எப்படி எழுதுவது என்பதும் தெரியாமையால் ஆங்கில எழுத்தாகிய க்யூவை ஆசிரியர் இட்டுவிடுகிறார். அவ்வெழுத்தின் வாலில் பழைய சீனரின் சடையைக் கண்டவர்களும் உண்டு.

ஆ க்யூவுக்கு வீடில்லை. ஊர்க்காவல் தெய்வத்தின் கோயிலில் படுத்துறங்குகிறான். கோதுமை அறுக்க, அரிசி குத்த, படகு தள்ள எவர் அழைத்தாலும் போவான். தலையில் சொறித் தழும்பு; ஆகவே ‘ஒளி’ என்றோ ‘விளக்கு’ என்றோ எவரேனும் சொன்னால் சினம் பொங்கும். ஊரார் சடையைப் பிடித்துச் சுவரில் மோதிவிட்டுப் போனதும், மகன் தகப்பனை அடிக்கும் காலம் வந்துவிட்டதே என்று எண்ணிக்கொண்டு மனநிறைவோடு செல்கிறான். சூதில் வென்ற பணம் கைநழுவிப்போன இரவில் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு, அடித்தவன் தான், அடிபட்டவன் வேறொருவன் என்று தேறி உறங்கிவிடுகிறான். தனக்கு மேலானவரிடம் பட்டதை ஓர் இளம் பெண்துறவியின் கன்னத்தைக் கிள்ளித் தீர்த்துக்கொள்கிறான். இதுவே ‘மனவெற்றி’ என்று பெயர்பெற்ற இயல்பு. சீனத்தில் இன்றும் ‘ஆ க்யூ மனப்பான்மை’ என்பது வழக்குச்சொல்.

கதை தொடராக வந்துகொண்டிருந்த காலத்தில், இது தன்னைக் குறித்தே எழுதப்படுகிறது என்று பலரும் அஞ்சினராம். கிழமைதோறும் இதழைப் பிரித்து, தன் பிழைதான் அச்சேறிவிட்டது என்று நடுங்கியவர்கள் இருந்தனர் என்பதை லூசுனே பின்னர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டுகிறார். இச்செய்தியை நம் மூத்த அன்பரின் கூற்றோடு ஒப்புநோக்குக. அவர்கள் படித்துவிட்டு ‘இது நானா?’ என்றனர்; நாம் படித்துவிட்டு ‘அது அவன்’ என்றோம்.

மேலும் ஒன்று. ஆ க்யூவை எடுத்துக்காட்டிச் சீனரின் குணம் பேசுவோர் அனைவரும் மூன்றாம் இயலோடு நின்றுவிடுகின்றனர். மனவெற்றி அவ்வளவில்தான் வருகிறது. கதையோ இன்னும் ஆறு இயல்கள் நடக்கிறது. அங்கே என்ன நடக்கிறது? சாவ் வீட்டுப் பணிப்பெண் வூ அம்மையிடம் ஆ க்யூ முறைகேடாகப் பேசிவிடுகிறான், மூங்கில் தடியடியும் தண்டமும் கிடைக்கின்றன, மேற்சட்டையும் போகிறது, ஊரில் எவரும் வேலைக்கு அழைப்பதில்லை. ஐந்தாம் இயலின் தலைப்பு ‘பிழைப்புச் சிக்கல்’. அங்கே அவன் வெற்றிகள் எதனையும் எண்ணுவதில்லை. பசிக்கிறது. மடத்துத் தோட்டச் சுவரேறி முள்ளங்கி திருடுகிறான். நகருக்குச் சென்று திருடர்க்குத் துணையாளாகிக் கொஞ்சம் பொருளோடு திரும்புகிறான். வயிற்றில் பசியில்லாதபோது இயல்பாகத் தெரிந்த ஒன்று, பசி வந்ததும் எங்கே போயிற்று? இதுவே ஸ்மித்தின் நூலில் காணக்கிடைக்காத கேள்வி. அந்நூலில் வரும் மனிதர்க்குக் குணம் உண்டு. நாளைக்கு உணவு உண்டா என்ற கவலையோடு நாம் ஒருவரையும் பின்தொடர்வதில்லை. ஸ்மித் தந்த பட்டியலை லூசுன் வாங்கியிருக்கலாம். வாங்கியதற்கு ஒரு வயிற்றையும், படுக்க ஒரு கோயில் மூலையையும், இறுதியில் ஒரு சாவையும் கொடுத்துவிட்டார். பெங் ஜித்சாய்க்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே.

ஏழாம் இயலில் 1911ஆம் ஆண்டுப் புரட்சி வருகிறது. வூசாங்கில் வெடித்து, மஞ்சு அரசகுலத்தை வீழ்த்திய பெரும்புரட்சி. வரலாற்று நூல்களில் அது பல பக்கங்கள். ஆ க்யூவின் வெய்சுவாங் சிற்றூரிலோ சடையைச் சுருட்டித் தலைமேல் வைத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடியது, அவ்வளவே. ஆ க்யூ மூங்கில் உணவுக்குச்சி ஒன்றைச் செருகிச் சடையை நிறுத்திக்கொள்கிறான். ‘சுதந்திரக் கட்சி’ என்ற பெயரை ஊரார் தம் பேச்சில் ‘பெர்சிமன் பழ எண்ணெய்க் கட்சி’ என்று ஆக்கிக்கொள்கின்றனர். நகரிலோ ஆட்சியாளர் அவரே, பதவியின் பெயர் மட்டும் வேறு, படைத்தலைவரும் பழையவரே. துறைகளின் பெயர்ப்பலகைகள் மாற்றி எழுதப்படுவதைப் பணிக்காலத்தில் மும்முறை கண்ட எழுத்தர் என்ற முறையில் இப்பகுதியை நாம் சற்று அதிகமாகவே சுவைத்தோம் என்று ஒப்புக்கொள்கிறோம். எனினும் 1911இல் ஒன்றுமே மாறவில்லை என்று லூசுன் சொல்வதாகக் கொள்வது தவறு. ஆ க்யூவுக்கு மாறவில்லை என்கிறார். தானும் புரட்சிக்காரன் என்று சொல்லிக்கொண்டு போனவனை, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய செல்வர் மகன் கைத்தடியை ஓங்கி விரட்டிவிடுகிறான்.

சாவ் வீடு கொள்ளை போகிறது. ஆ க்யூ பிடிபடுகிறான். ஒன்பதாம் இயலுக்கு லூசுன் இட்ட தலைப்பு, பழைய நாடகங்களில் பிரிந்தவர் எல்லாம் கூடும் மங்கல முடிவுக்கு வழங்கும் பெயர். விசாரணைக் கூடத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையொப்பமிடச் சொல்கின்றனர். எழுதத் தெரியாது என்கிறான். அப்படியானால் ஒரு வட்டம் போடு என்கின்றனர். வாழ்நாளில் முதன்முறையாகத் தூரிகை பிடித்த கை நடுங்குகிறது. நன்கு உருண்டையாகப் போட வேண்டும் என்று முழு மூச்சோடு முயல்கிறான்; முடியும் இடத்தில் கை விலகி, வட்டம் பூசணி விதைபோல் கோணிவிடுகிறது. அந்தத் தாள் தன் உயிரை வாங்குவது என்று அவனுக்குத் தெரியாது. வட்டம் கோணியது மட்டுமே வெட்கமாக இருக்கிறது.

இவ்விடத்தை நாம் பலமுறை படித்திருக்கிறோம். நம் அலுவலகத்தில் ஓய்வூதியப் படிவங்களில் பெருவிரல் ரேகை வைக்க வரும் மூதாட்டிகள், மை பரவிவிட்டால் நம்மிடம் மன்னிப்புக் கேட்பார்கள். தாளில் எழுதியிருப்பது என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. இதைச் சீனரின் குணம் என்று எந்த வாயால் சொல்வது?

ஆ க்யூ சுடப்படுகிறான். குற்றவாளியாக இல்லாவிடில் ஏன் சுடப்போகிறார்கள் என்கிறது சிற்றூர். தலைவெட்டுப்போல் பார்க்கச் சுவையாக இல்லையே, இவ்வளவு தொலைவு ஊர்வலம் வந்தும் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லையே என்று குறைபடுகிறது நகரம். சென்டாயின் நிழற்படத்தில் வேடிக்கை பார்த்தோரை லூசுன் மறக்கவில்லை என்பது தெளிவு. குறையும் ஒன்று சொல்லிவிடுகிறோம். கிள்ளப்பட்ட துறவிப்பெண்ணும் வூ அம்மையும் இக்கதையில் ஆ க்யூவின் கதி மாறுவதற்கு மட்டுமே பயன்படுகின்றனர். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு ஆசிரியர் ஒரு வரியும் செலவிடவில்லை. கொலைக்களத்துக்குப் போகும் வழியில் ஆ க்யூ வூ அம்மையைக் கூட்டத்தில் காண்கிறான். அவளோ படைவீரரின் துப்பாக்கிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிறந்த காட்சிதான். ஆயினும் அவள் பக்கத்துக் கதை எழுதப்படாமலே நின்றுவிட்டது.

நம் புதுமைப்பித்தனை வைத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ‘பொன்னகரம்’ கதையை வடநாட்டு அன்பர் ஒருவர் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, ‘மதராசிகள் இப்படித்தான், உங்கள் எழுத்தாளரே எழுதியிருக்கிறாரே’ என்றால் நாம் என்ன செய்வோம்? ஆலைத் தொழிலாளர் சந்துகளின் வறுமையைப் பற்றியும், அதன்மேல் நின்று அறம் பேசுவோரைப் பற்றியும் எழுதிய கதை அது என்று எடுத்துரைப்போம். குரலும் சற்று உயரும். டில்லிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் கன்னியாகுமரிக்காரரும் ஐதராபாத்துக்காரரும் ‘மதராசி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பதன் உறுத்தலை நாம் அறிவோம். அந்த உறுத்தலை அறிந்த நாம், ‘சீனாக்காரன்’ என்னும்போது அதே பூட்டை வேறு கதவில் மாட்டுகிறோம்.

சீனர் தாம் இன்று லூசுனை எவ்வாறு படிக்கின்றனர்? 2023ஆம் ஆண்டில் நடந்தது கருதத்தக்கது. லூசுன் 1919இல் எழுதிய ‘கொங் யீஜி’ மிகச் சிறிய கதை. மதுக்கடையொன்றில் நீண்ட அங்கி அணிந்த கனவான்கள் உள்ளே அமர்ந்து பருகுவர். குட்டைச் சட்டைத் தொழிலாளர் நின்றபடி பருகுவர். நீண்ட அங்கியோடு நின்று பருகுபவன் கொங் யீஜி ஒருவனே. படித்தவன், தேர்வில் தேறாதவன், அங்கியைக் களைய மனமில்லாதவன். ஓர் எழுத்தை நான்கு விதமாக எழுதும் வகையைக் கடைச்சிறுவனுக்குக் கற்பிக்க ஆசைப்படுவான். நூல்களைத் திருடி, கால் முறிக்கப்பட்டு, கைகளால் நகர்ந்து வந்து ஒருநாள் பருகிவிட்டுப் போனவன் பின்னர் வரவேயில்லை. 2023இல் வேலை கிட்டாத சீனப் பட்டதாரிகள் தம்மைக் கொங் யீஜிகள் என்று சொல்லிக்கொண்டனர்; பட்டம் என்னும் அங்கியைக் களையவும் இயலவில்லை, அணிந்து பயனுமில்லை என்றனர். படிப்பன்று குற்றம், அங்கியைக் களைய மறுத்த மனமே குற்றம் என்ற பொருளில் அரசுத் தொலைக்காட்சி அறிவுரை கூறியது. இளைஞர்களின் எரிச்சல் கூடிற்று. அவ்வாண்டு ஜூனில் பதினாறு முதல் இருபத்து நான்கு வயதுக்கு உட்பட்டோரிடையே வேலையின்மை நூற்றுக்கு 21.3 என்று அறிவித்த அரசு, ஆகஸ்டில் அந்தக் கணக்கை வெளியிடுவதையே சில மாதங்கட்கு நிறுத்திவைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய கதையைக் கொண்டு தம் அரசோடு வாதிடும் இவ்விளைஞர்கள் நம் கருத்துகளில் எங்கே இருக்கிறார்கள்? ‘சீனர் கேள்வி கேளாத மக்கள்’ என்னும் பட்டியலில் இவர்களுக்கு இடமில்லை.

கொங் யீஜியை நாம் சிரித்துப் படிக்க இயலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனைப் படைத்த பழைய தேர்வு முறை 1905இல் ஒழிந்தது. ஆனால் இந்நாட்டுக் குடிமைப் பணிக்கு 1855 முதல் போட்டித் தேர்வு வைத்த ஆங்கிலேயரின் சிந்தையில் சீன முறையின் நிழல் உண்டு என்று ஆராய்ந்து காட்டியவர்கள் உளர். பி.ஏ. பட்டத்தோடு தேர்வெழுதி வடக்கே இரயிலேறி, துறைத் தேர்வுகளில் இருமுறை தவறிய நாமும் அந்தக் கடையின் வாயிலில் எங்கோ நிற்கிறோம்.

இதெல்லாம் இலக்கிய வாதமன்றோ, கருத்துகளால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். 1962 நவம்பரில் அசாமின் மாகும் முதலிய ஊர்களிலிருந்தும் டார்ஜிலிங், ஷில்லாங் பகுதிகளிலிருந்தும் சீன வழிவந்த குடும்பங்கள் கைதாகி, நாட்கணக்கில் இரயிலில் ஏற்றிச் செல்லப்பட்டு இராசத்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ மூவாயிரம் பேர். அவர்களில் பலருடைய முன்னோர் தேயிலை பயிரிடக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அழைத்து வந்தவர்கள்; உள்ளூர்ப் பெண்களை மணந்து அசாமிய மொழி பேசியவர்கள். சிலர் அவர்கள் கண்டறியாத சீனத்துக்கே கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். சிலர் முகாமை விட்டு வர ஐந்தாண்டுகள் ஆயின. வந்தபோது வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. ரீத்தா சௌத்ரி 2010இல் ‘மாகாம்’ என்னும் அசாமிய நாவலில் இவர்கள் கதையை எழுதினார். ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது, நம் வாசகர் வட்டங்கள் படிக்க வேண்டிய நூல்.

அண்மைச் செய்தியும் ஒன்றுண்டு. 2020 மார்ச்சில் நோய்த்தொற்று பரவத் தொடங்கிய நாட்களில், நம் குடியிருப்பில் வசிக்கும் மணிப்பூர்ச் செவிலிப் பெண்ணைப் பார்த்து, காய்கறி வண்டியருகே நின்ற ஒருவர் ‘சீனாவுக்குப் போ’ என்று உரக்கச் சொன்னார். அப்பெண் மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வந்துகொண்டிருந்தாள். நாம் அவ்விடத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தோம். பின்னர் மீண்டும் கத்தரிக்காயைப் பார்த்தோம். ஆ க்யூவின் ஊர்வலத்தில் தெருவோரம் நின்றவர்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த வண்டி நினைவுக்கு வருகிறது.

லூசுன் கதைகளைத் தமிழில் தந்தவர்களுள் ஈழத்து எழுத்தாளர் கே. கணேஷ் குறிப்பிடத்தக்கவர். யாங் சியான்யீ, கிளாடிஸ் யாங் இணையரின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பீகிங் அயல்மொழிப் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புகளாக இந்நாட்டில் நிறையவே உலவின. நம்மிடமுள்ள படி தரியாகஞ்சு நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கியது.

அப்படியிலிருந்து ‘கொங் யீஜி’யை மட்டும் நகலெடுத்து, அடுத்த கூட்டத்துக்கு முன்பே மூத்த அன்பரின் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். மறுவாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். ஆ க்யூவைப் பற்றியோ கல்வானைப் பற்றியோ பேசவில்லை. கதையின் இறுதியில், ‘கொங் யீஜி இன்னும் பத்தொன்பது காசு பாக்கி’ என்று கடைக்காரர் ஆண்டிறுதியிலும் அடுத்த ஆண்டு திருவிழாவிலும் சொல்கிறாரல்லவா? அதற்கு அடுத்த திருவிழாவில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் தணிக்கை செய்த அன்பருக்கு அதுதான் உறக்கத்தைக் கெடுத்ததாம். “அந்தப் பத்தொன்பது காசை அவர் எந்தத் தலைப்பில் தள்ளுபடி செய்திருப்பார் சார்?” என்று கேட்டார்.